மடக்கின கால், மடங்கின கை

அந்தக் காலத்துல, அதாவது எல்லா உயிரும் வாய்விட்டுப் பேசிக்கிட்டு, ஆனா இப்ப மாதிரியே ஒருத்தர் பேச்ச ஒருத்தர் கேக்காம இருந்த காலத்துல, நெடுங்கரை ஏரியில ஒரு நண்டு இருந்தா. பேரு கொடுக்காயி.

அப்பல்லாம் நண்டு நேராத்தான் நடக்கும். கண்ணு எந்தப் பக்கமோ, காலும் அந்தப் பக்கம். இத மொதல்லயே மனசுல வாங்கிக்கணும். பின்னாடி வந்த வம்பெல்லாம் இதுலதான் வந்து முடிஞ்சது.

ஏரின்னா வருஷம் முழுக்க தண்ணி நிக்கிற ஏரி இல்ல. கத்திரி வெயில் வந்தா தரை பாளம் பாளமா வெடிச்சுரும். மதகுக்குக் கீழ ஒரே ஒரு குழியில மட்டும் தண்ணி மிச்சமிருக்கும். மதகடிக் குழின்னு பேரு. அந்தக் குழி யாருக்குங்கறதுல வருஷா வருஷம் ரெண்டு கூட்டம் மோதிக்கும். ஒண்ணு வளைக்காரங்க: நண்டு, தவளை, நத்தை, ஆமை, விலாங்கு. இன்னொண்ணு மரக்காரங்க: கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, வாத்து, உள்ளான். வாத்து எந்த மரத்துல ஏறுச்சுன்னு கேக்காதீங்க. இறக்கை இருந்தா அந்தக் கட்சி, அவ்வளவுதான்.

சண்டை போட்டா யாரு ஜெயிப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அலகு நீளமா இருக்கிறவங்க ஜெயிப்பாங்க. அதனால முன்னாடி எப்பவோ ஒரு வருஷம், நல்ல மழைக்கப்புறம், எல்லார் வயிறும் நெறஞ்சு எல்லாரும் கொஞ்சம் நல்லவங்களா இருந்த ஒரு நேரத்துல, பேசி முடிச்சாங்க. சண்டை கிடையாது, ஆட்டம்தான். காஞ்ச ஏரித் தரையில ரெண்டு பக்கமும் நாணல் குச்சி மூணு மூணா நட்டு, புன்னங்காய்தான் பந்து, தென்ன மட்டைதான் பேட்டு. பக்கத்துக்கு ஆறு பேரு. பறக்கக் கூடாது, நீந்தத் தண்ணியும் இல்ல, ஓடித்தான் ரன் எடுக்கணும். ஜெயிச்ச கட்சிக்கு மழை வர்ற வரைக்கும் குழி. தோத்தவங்க வேற எடம் பாத்துக்கணும்.

வேற எடம் பாக்குறதுன்னா மரக்காரங்களுக்கு இறக்கைய ரெண்டு தட்டுத் தட்டுனா அடுத்த ஏரி. வளைக்காரங்களுக்கு அடுத்த ஏரின்னா அது வெறும் கேள்விப்பட்ட ஊரு. ஆனா பேசி முடிச்சப்ப இந்த வித்தியாசத்த யாரும் எடுத்துச் சொல்லல. வயிறு நெறஞ்சிருந்தது இல்லையா.

ஆட்டத்துல அவங்கவங்க உடம்புக்கு எது வருதோ அதுதான் நிலை, அதுதான் வீச்சு. நீர்க்காகம் பேட் பண்ண வந்தா ரெண்டு இறக்கையையும் துணி காயப் போட்ட மாதிரி விரிச்சுக்கிட்டு நிக்கும், பின்னாடி இருக்கிற குச்சியே தெரியாது. ஆமை பந்து வர்ற திசைக்கு முதுக காட்டி நிக்கும், பந்து ஓட்டுல பட்டு எங்கெங்கயோ போகும். தவளை பந்து போட்டா மூணு தாவல், மூணாவது தாவல் அந்தரத்துல இருக்கும்போதே பந்து கைய விட்டுப் போயிருக்கும். நத்தை காலையில ஓடி வர ஆரம்பிச்சா மதியத்துக்கு மேலதான் பந்து வரும். அதுக்குள்ள பேட்ஸ்மேன் பாதிப் பேரு தூங்கி விழுந்து அவுட்டாயிருப்பாங்க. யாரையும் யாரும் கேலி பண்ணதில்ல. பண்ணாலும் ஆட்டத்த நிறுத்துனதில்ல.

கொக்கு வெள்ளையப்பன் மட்டும் தனி. மரக்காரங்களுக்கு அவருதான் கேப்டன். ஒரு கால வயித்துக்குள்ள மடக்கிக்கிட்டு, ஒத்தக்கால்ல நின்னு பேட் பண்ணுவாரு. காரணம் ரொம்ப எளிசு. கால்ல பந்து பட்டா அவுட்டுன்னு ஒரு சட்டம் இருந்துச்சு. ரெண்டு கால வெச்சுக்கிட்டு நின்னா ரெண்டு ஆபத்து, ஒண்ண மடக்கிட்டா பாதி ஆபத்து. ரன் ஓடும்போது மட்டும் மடக்கின கால இறக்கிவிட்டு, எட்டி எட்டி வெச்சு ஓடிட்டு வந்து, திரும்ப மடக்கிக்குவாரு. இதுக்கு மரத்து மேல இருந்து, "ஐயாவோட ஸ்டைலே ஸ்டைலு!"ன்னு கைதட்டு வேற.

அம்பயரு தலையாரின்னு ஒரு ஓணான். வேலியில குடியிருக்கிறவரு, வளையும் கிடையாது, மரத்துலயும் நிரந்தரம் கிடையாது. அதனால ரெண்டு கட்சிக்கும் பொது ஆளு. அவரு தலைய மேலயும் கீழயும் ஒரு தடவ ஆட்டுனா முடிவு. ஆட்டலைன்னா ஆட்டம் தொடரும். ஒரே ஒரு குறை, கொக்குக்குப் பசிச்சா ஓணானும் உள்ள போகும். அது தலையாரிக்கும் தெரியும், கொக்குக்கும் தெரியும். அதனால அவரு தலை கொஞ்சம் ஒரு பக்கமாத்தான் ஆடும்னு ஏரி முழுக்கப் பேச்சு.

கைய மடக்கி எறியக் கூடாதுங்கற சட்டம் வந்த கதை தனி. முந்தின வருஷம் மரக்காரங்க ஒரு மந்திய உள்ள கொண்டாந்தாங்க. "அவனும் மரத்துலதானே இருக்கான், நம்மாளுதான்"னு வெள்ளையப்பன் சொன்னாரு. மந்தி முழங்கைய மடக்கி, மாமரத்துல கல்லெறிஞ்சு மாங்கா விழுத்துற மாதிரி, விட்டு விட்டு எறிஞ்சான். ஆமை ஓட்டுல இன்னைக்கும் கட்டம் கட்டமா கோடு தெரியுதே, அது அன்னைக்கு விழுந்த விரிசல். வளைக்காரங்க அழுது பொரண்டு முறையிட்டப்புறம்தான் தலையாரி சட்டம் சொன்னாரு. அப்படி எறிஞ்சா "மாங்கா"ன்னு கத்தணும், பந்து செல்லாது, எதிராளிக்கு ஒரு ரன்னு.

அடிபட்டவங்க கேட்டு வாங்கின சட்டம். அத யாரு யாருமேல திருப்புனாங்கன்னு பாருங்க.

அந்த வருஷ ஆட்டத்துல வளைக்காரங்க மொதல்ல ஆடி முப்பது ரன் எடுத்தாங்க. மரக்காரங்க ஆட வந்து, ஒரே ஒரு விக்கெட்டுக்கு இருபத்தொம்போது. வெள்ளையப்பன் ஒத்தக்கால்ல நின்னு நாலா பக்கமும் அடிச்சுக்கிட்டு இருந்தாரு. இன்னும் ரெண்டு ரன் எடுத்தா ஜெயிப்பு. விலாங்கு போட்டுப் போட்டு நாக்கு தள்ளிக் கெடந்தான்.

தவளை குந்தாணிதான் வளைக்காரங்க கேப்டன். குச்சிக்குப் பின்னாடி குந்த வெச்சு உக்காந்திருந்தவ, எழுந்திரிக்காமலே கூப்பிட்டா. "கொடுக்காயி! வாடி இங்க. நீ போடு."

"நானா? யக்கா, நான் இதுவரைக்கும் ஓரமா நின்னு பந்து பொறுக்கினதோட சரி."

"பொறுக்கி எறிவியே, அத இங்க வந்து போடு. வேற யாரு இருக்கா? நத்தைய விட்டா ஆட்டம் மழைக்காலத்துலதான் முடியும்."

"என் கை கோணலுக்கா."

"கையிருக்குல்ல? போடு."

கொடுக்காயிக்கு ஒரு கொடுக்கு பெருசு, இன்னொண்ணு சிறுசு. பெருசு முழங்கைகிட்ட மடங்கி, மார்ப அணைச்ச மாதிரியே இருக்கும். அவளுக்கு ஆட்டத்துல பெருசா ஆசை ஒண்ணும் கிடையாது. அடிவயித்து மடிப்புக்குள்ள நூத்துச் சொச்சம் குஞ்சுங்க இருந்துச்சு, பொரிச்சு ஏழு நாள் ஆச்சு. அன்னைக்கோ மறுநாளோ தண்ணியில எறக்கி விடணும். மடிப்புக்குள்ள ஈரம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு, குஞ்சுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு குறுகுறுன்னு அலையுதுங்க. தோத்தா தவளை மண்ணுக்குள்ள பொதஞ்சு படுத்துக்கும், நத்தை ஓட்டோட வாய மூடிக்கும். ஏழு நாள் குஞ்சுக்கு ஓடும் கெட்டிப்படல, மண்ணு தோண்டவும் தெரியாது.

அவ பந்த எடுத்துக்கிட்டு நேரா ஓடி வந்தா. போட்டா.

புன்னங்காய் அந்தக் கோணக் கையில இருந்து பக்கவாட்டுல நழுவி வந்து, தரையில விழுந்து, எந்தப் பக்கம் போகலாம்னு ஒரு கணம் யோசிச்ச மாதிரி நின்னு, சடார்னு உள்ள திரும்புச்சு. அந்த நேரம் ஆடிக்கிட்டு இருந்தது நீர்க்காகம். விரிச்ச இறக்கைக்கு அடியில பூந்து நடுக்குச்சிய எடுத்துருச்சு.

அடுத்து வாத்து வந்தா. இந்தத் தடவ பந்து வெளிய திரும்புச்சு. வாத்து அந்தப் பக்கம் ஒரு எட்டு, இந்தப் பக்கம் ஒரு எட்டு வெச்சுப் பாத்துட்டு, கடைசியில தானே குச்சி மேல உக்காந்துட்டா. அடுத்து உள்ளான். அவன் வால ஆட்டிக்கிட்டே வந்தான், வால ஆட்டிக்கிட்டே போனான்.

மூணு பந்து, மூணு விக்கெட். நாலு பேரு போயாச்சு. மிச்சம் வெள்ளையப்பனும், கடைசி ஆளா வந்த சிச்சிலிங்கற மீன்கொத்திப் பொண்ணும்தான். வளைக்காரங்க பக்கம் ஒரே கூச்சல். விலாங்கு தரையில பொரண்டு பொரண்டு சிரிச்சான்.

மரத்து மேல இருந்து யாரோ கத்துனாங்க. "மாங்கா!"

ஒருத்தர் கத்துனா போதும்ல. "மாங்கா! மாங்கா! கைய பாருடா அவ கைய!"ன்னு மரமே கத்துச்சு.

வெள்ளையப்பன் மட்டைய ஊணிக்கிட்டு நிதானமா கழுத்த நீட்டுனாரு. "ஆட்டம் நிக்கட்டும். தலையாரி, பாத்தியா? முழுக்க மடங்கின கை. போன வருஷம் நீ சொன்ன சட்டம்தான். மூணு பந்தும் செல்லாது. மூணு பந்துக்கு மூணு ரன். முப்பத்திரெண்டு. நாங்க ஜெயிச்சாச்சு." அப்புறம் மரத்தப் பாத்து, "எறங்கி வாங்கப்பா, தண்ணி குடிப்போம்"னாரு.

தலையாரியோட தலை மேல போச்சு. கீழ வந்துட்டா முடிவு.

"அண்ணே, இருங்க!" கொடுக்காயி ஓடிப் போயி அவரு முன்னாடி நின்னா. "தலைய அப்படியே வெச்சுக்கோங்க. ஒரு கேள்வி. அதுக்கப்புறம் ஆட்டுங்க."

"சீக்கிரம் கேளும்மா, கழுத்து வலிக்குது."

"சட்டம் சொன்னது நீங்க. அதே வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுங்க."

"'கைய மடக்கி எறியக் கூடாது.'"

"நான் எப்பண்ணே மடக்கினேன்?"

"இதோ மடங்கியிருக்கே!"

"மடங்கியிருக்கு. மடங்கியிருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மடக்குறதுன்னா நிமிந்து இருக்கிறத நாம புடிச்சு மடக்கணும். இது முட்டைய விட்டு வரும்போதே மடங்கித்தான் வந்துச்சு. மந்தி கைய நிமித்துவான், மடக்குவான், திரும்ப நிமித்தி விட்டெறிவான், அந்த விசையிலதான் ஆமை ஓடு விரிஞ்சுது. என் கைய நிமித்த முடியும்னா நிமித்திக் காட்டுங்க. மூணு பந்தும் செல்லாதுன்னு நானே ஒத்துக்குறேன்."

"வார்த்தையப் புடிச்சுத் தொங்குறா"ன்னு வெள்ளையப்பன் சிரிச்சாரு.

"சட்டம்னா வார்த்தைதானேய்யா? வேற எதப் புடிச்சுத் தொங்குறது?"

ஆமை பின்னாடி இருந்து, "அப்படிக் கேளு"ன்னான். அவன் எப்பவும் பின்னாடி இருந்துதான் பேசுவான்.

சிச்சிலிய வரச் சொன்னாங்க. அவ கொடுக்க அலகால கவ்வி, இறக்கைய அடிச்சு அடிச்சு இழுத்தா. நிமிரல. இன்னொரு தடவ, ரெண்டு காலையும் தரையில ஊணி இழுத்தா. பிடி வழுக்கி மல்லாக்க விழுந்தா. "அண்ணே, இது வரவே வராதுண்ணே. கல்லு மாதிரி இருக்கு"ன்னு உள்ளத உள்ளபடி சொல்லிட்டா. அவளுக்குச் சின்ன வயசு, எதச் சொல்லணும்னு இன்னும் பழகல.

வெள்ளையப்பன் மொகத்துல லேசா ஒரு சுருக்கம். ஆனா ஆளு லேசுப்பட்டவரு இல்ல. "இழுக்கும்போது விறைச்சுக்கிட்டா. போடும்போது நிமித்துறாளோ என்னவோ, யாரு பாத்தா? நேரா ஓடி வரா. அந்தப் பெரிய கொடுக்கே முழங்கைய மறைக்குது. தலையாரி, சத்தியமா சொல்லு. அவ போடும்போது முழங்கை உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரி... தெரியல"ன்னாரு தலையாரி. அது பொய் இல்ல. நேரா வந்தா தெரியாதுதான்.

அந்தக் கேள்வி ஞாயமான கேள்வின்னு கொடுக்காயிக்கே பட்டுச்சு. அதான் ஆத்திரமா வந்துச்சு. மடிப்புக்குள்ள குஞ்சுங்க குறுகுறுப்பு கொறஞ்சு போயிருந்துச்சு. அலையக் கூடத் தெம்பு இல்லாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க.

"சரி. தெரியற மாதிரியே வரேன்"னா. "நேரா வர மாட்டேன். பக்கவாட்டுல வரேன். மொத அடியில இருந்து பந்து கைய விடுற வரைக்கும் என் முழங்கை உங்க கண்ணு முன்னாடியே இருக்கும். எங்கயாவது நிமிந்துச்சுன்னா ஆட்டுங்கண்ணே தலைய."

"இன்னைக்குக் காட்டுவா"ன்னாரு வெள்ளையப்பன். "நாளைக்கு யாரும் பாக்காதப்ப நிமித்திக்கிட்டுத் திரிவா. அப்புறம் நம்மள ஏமாத்துனத நெனச்சு வளைக்குள்ள உக்காந்து சிரிப்பா."

கொடுக்காயி திரும்பி அவர நேரா பாத்தா. அவ யாரையும் நேரா நின்னு பாத்தது அதான் கடைசி.

"இனிமே நான் நேரா நடக்கவே மாட்டேன். வளைக்குப் போனாலும், எரைக்குப் போனாலும், உயிருக்குப் பயந்து ஓடுனாலும் பக்கவாட்டுலதான். கை எல்லாருக்கும் தெரியட்டும். என் வயித்துல இருக்கிறதுங்களுக்கும் இதுதான் நடை. நாங்க நேரா நடந்து எவனாவது பாத்தா, அன்னைக்கு இந்தக் குழிய எடுத்துக்கட்டும்."



அவ அத்தோட விட்டிருக்கலாம். ஆனா வாயி நிக்கல. "மடக்குறதுன்னா என்ன, மடங்குறதுன்னா என்னன்னு யாருக்காச்சும் இன்னும் சந்தேகம்னா, ஐயா காலையும் என் கையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இது மடங்கினது. அது மடக்கினது. இதுக்குப் பேரு மாங்கா. அதுக்குப் பேரு ஸ்டைலு."

மொதல்ல விலாங்குதான் சிரிச்சான். அப்புறம் குந்தாணி. அப்புறம் மரத்து மேலயே ரெண்டு மூணு பேரு சிரிச்சுட்டாங்க, இறக்கையால வாயப் பொத்திக்கிட்டு. வெள்ளையப்பனுக்கு எதிராளி சிரிச்சாக் கூடத் தாங்கும். சொந்த மரம் சிரிச்சா தாங்காது.

"யாருடி மடக்கினது?" கழுத்து ரெண்டா வளைஞ்சு நிமிந்துச்சு. "எனக்கும் பிறவிதான்! இந்தக் காலு முட்டையில இருந்து வரும்போதே மடங்கித்தான் வந்துச்சு! உன் கை பிறவின்னா என் காலும் பிறவி!"

அவரு ஓடுனத எல்லாரும் பாத்திருக்காங்க. அன்னைக்குக் காலையிலகூட அஞ்சாறு ரன் ஓடியிருக்காரு. ஆனா அத்தன பேரும் இருக்கிற எடத்துல ஒரு பெரிய மனுஷன் வாய்விட்டு ஒண்ணு சொல்லிட்டா, ஞாபகம் வெச்சிருக்கிறவங்க எல்லாம் தரையப் பாப்பாங்க. பாத்தாங்க.

தலையாரி மட்டும் பாக்கல. இவ்வளவு நேரமும் அவரு தலை மேலயே தூக்கி நின்னுக்கிட்டு இருந்துச்சு. இந்த ஒரு தடவ ரெண்டு பக்கமும் ஒரே பேச்சப் பேசுது. ரெண்டு பேருக்கும் ஆமான்னுட்டா யாரும் தன்ன முழுங்க முடியாது. வாழ்க்கையில இப்படி ஒரு வசதி இன்னொரு தடவ வராது. "அப்பச் சரி. அம்மாவுக்குக் கை பிறவி. ஐயாவுக்குக் கால் பிறவி. ரெண்டையும் ஒத்துக்கிட்டேன்."

தலைய ஒரு தடவ ஆட்டுனாரு. இன்னொரு தடவ ஆட்டுனாரு. "மூணு விக்கெட்டும் செல்லும். ரெண்டு ரன் வேணும், ஒரு விக்கெட் மிச்சம். போடும்மா."

வெள்ளையப்பன் சிச்சிலிய மறுபக்கம் அனுப்பிட்டுத் தானே ஆட நின்னாரு. கொடுக்காயி பந்த எடுத்துக்கிட்டுப் பின்னாடி போயி நின்னா. பக்கவாட்டுல திரும்புனா. மொத அடி வெச்சப்ப காலு பின்னிக்கிச்சு. எட்டுக் காலுக்கும் தனித்தனியாப் புத்தி சொல்ல வேண்டியிருந்துச்சு. மரத்து மேல சிரிப்பு. ரெண்டாவது அடி பரவால்ல. நாலாவது அடியில எட்டும் ஒண்ணாச் சேந்துருச்சு. அப்புறம்தான் அவளுக்கே தெரிஞ்சுது, இது நேரா ஓடுறத விட வேகமா இருக்கேன்னு. மணல்ல எண்ண வழிஞ்ச மாதிரி சர்ருனு வந்தா, முழங்கை தலையாரி கண்ணுக்கு நேரா, மடங்கினது மடங்கினபடி.

பந்து நல்லாத்தான் திரும்புச்சு. ஆனா வெள்ளையப்பன் ஆட்டக்காரரு, அத யாரும் மறுக்க முடியாது. ஒத்தக்கால்ல நின்னபடியே உடம்ப ஒரு சுத்துச் சுத்தி, மட்டை நடுவுல வாங்கி அடிச்சாரு. புன்னங்காய் விலாங்கத் தாண்டி, ஆமையத் தாண்டி உருண்டு போயி, தரையில இருந்த ஒரு பெரிய வெடிப்புக்குள்ள விழுந்துருச்சு.

"ஓடி வாங்கண்ணே!" சிச்சிலி அந்தப் பக்கத்துல இருந்து தலைதெறிக்க ஓடி வந்தா. "ரெண்டு இருக்குண்ணே! மூணே இருக்கு! வாங்க வாங்க வாங்க!"

குந்தாணி தாவித் தாவிப் போயி வெடிப்புக்குள்ள கைய விட்டா. தோள் வரைக்கும் விட்டா. "உள்ள போயி வளையுதுடி! கைக்கு எட்டல! அய்யோ, போச்சுடி, எல்லாம் போச்சு!"

கொடுக்காயி பக்கவாட்டுல பாஞ்சு போயி, பெரிய கொடுக்க உள்ள விட்டா. வெடிப்பு உள்ள எறங்கி, முழங்கை மாதிரி ஒரு மடி மடிஞ்சு இருந்துச்சு. அவ கைக்குன்னே அளவெடுத்து வெட்டின மாதிரி. பந்து கொடுக்குல மாட்டுச்சு.

வெளிய எடுத்துக்கிட்டுத் திரும்பினா. அவ்வளவு நேரத்துல நத்தைகூட ரெண்டு ரன் ஓடியிருக்கும்.

வெள்ளையப்பன் நின்ன எடத்துலயே நின்னாரு.

சிச்சிலி அவருக்குப் பக்கத்துல வந்து நின்னு கெஞ்சிக்கிட்டு இருந்தா. "அண்ணே, ஓடுங்கண்ணே! கால எறக்குங்கண்ணே, காலையிலகூட எறக்கினீங்களே!"

"சும்மா இரு"ன்னாரு வெள்ளையப்பன் பல்லக் கடிக்காத குறையா. அலகுல பல்லு ஏது.

கொடுக்காயி பந்தோட, வெள்ளையப்பன் ஓடி வந்து சேர வேண்டிய மறுபக்கத்துக் குச்சிக்கிட்ட வந்துட்டா. உடனே குச்சியத் தட்டல. அங்க இருந்து அவரப் பாத்தா. வயித்து எறகுக்குள்ள அந்த மடக்கின கால் நடுங்குறது அவ நிக்கிற எடத்துக்கே தெரிஞ்சுது. விரல் ஒவ்வொண்ணா விரிஞ்சு, கால் ஒரு அங்குலம் கீழ எறங்குச்சு. ஏரி மொத்தமும் மூச்சப் புடிச்சுக்கிட்டு அந்த ஒரு அங்குலத்தப் பாத்துச்சு. வெள்ளையப்பன் சுத்தி ஒரு பார்வ பாத்தாரு. கால் திரும்ப உள்ள போயிருச்சு.

"ஓடுங்கய்யா. இன்னும் நேரமிருக்கு"ன்னா கொடுக்காயி. குரல்ல கேலி ஒண்ணும் இல்ல. கேக்கணும்னு தோணுச்சு, கேட்டா.

வெள்ளையப்பன் அவளப் பாக்காம, தூரத்துல எங்கயோ பாத்துக்கிட்டுச் சொன்னாரு. "எனக்குப் பிறவிம்மா."

கொடுக்காயி புன்னங்காயக் குச்சி மேல வெச்சா. எறியல, வெச்சா. மூணு குச்சியும் சாஞ்சுது.

எல்லாரும் தலையாரியத் திரும்பிப் பாத்தாங்க. அவரு கொக்கப் பாத்தாரு. கொக்கோட அலகப் பாத்தாரு. அப்புறம் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, தலைய மேலயும் கீழயும் ஆட்டுனாரு.

"என்ன, அவுட்டா?"ன்னு கேட்டாரு வெள்ளையப்பன்.

ஆட்டுனாரு.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அவுட்டா?"

திரும்பவும் ஆட்டுனாரு. நிறுத்துனா மனசு மாறிடுமோன்னு பயந்து ஆட்டிக்கிட்டே இருந்தாரு.

வளைக்காரங்க ஆடுன ஆட்டத்துல ஏரித் தரையில புழுதி கெளம்புச்சு. கொடுக்காயி அதுல சேரல. பக்கவாட்டுல நடந்து மதகடிக் குழிக்குப் போனா. தண்ணிக்குள்ள எறங்கி மடிப்ப மெதுவாத் தொறந்தா. கொஞ்ச நேரம் ஒண்ணும் அசையல. அப்புறம் ஒண்ணு அசைஞ்சுது. பின்னாடியே பத்து, அதுக்குப் பின்னாடி மிச்சமெல்லாம். மணிக்கணக்கா ஒட்டிக் கெடந்த குஞ்சுங்க தண்ணியில கலைஞ்சு, அம்மா எப்படி நடந்து வந்தாளோ அப்படியே, ஒண்ணு விடாம பக்கவாட்டுல ஓடுச்சுங்க.

மரக்காரங்க பறந்து அடுத்த ஏரிக்குப் போனாங்க. சாயங்காலமே அங்க மீன் தின்னாங்க. அவ்வளவுதான் அவங்களுக்குத் தோல்வி.

அன்னையிலிருந்து ஓணான் வேலி மேல உக்காந்து தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு. யாரு வந்து கேட்டாலும் அதே தீர்ப்புதான். கொக்கு எந்தத் தண்ணியில நின்னாலும் ஒத்தக்கால்லதான் நிக்குது. சுத்தி யாரும் இல்லன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் இன்னொரு கால எறக்கும். நீங்க கிட்டப் போனீங்கன்னா ரெண்டு காலையும் நீட்டிக்கிட்டு எந்திரிச்சுப் பறந்துரும், மாட்டிக்கிட்டோம்ங்கற வெக்கத்துல.

நண்டு இருக்கே, தொரத்துனாலும், கல்ல விட்டெறிஞ்சாலும், உயிரே போற நேரத்துலயும் நேரா ஓடாது. அத கோணல் நடைன்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். பெத்தவ ஒருத்தி அத்தன பேரு முன்னாடி கொடுத்த வார்த்தைக்கு, அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும், நண்டு தன் கையக் காட்டிக்கிட்டேதான் நடக்குது.